ஒன்பது வில்லை

ஏழாவது வில்லையை அறுக்கும்போதே புர்கிக்குக் கண்ணும் மூக்கும் ஒழுக ஆரம்பித்துவிட்டன. அக்டோபர் கடைசியில் தோண்டிய கிரேன் கிழங்கு அப்படித்தான், கத்தி பட்டதும் ஆளை அடிக்கும். புத்தகம் எழுதுகிறவர்கள் அதைக் குதிரை முள்ளங்கி என்கிறார்கள். குதிரைக்கும் அதற்கும் என்ன உறவோ தெரியாது, எங்கள் ஊர்க் குதிரை எதுவும் அதை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. புர்கி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டாவதை அறுத்தாள். மொத்தம் ஒன்பது வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருந்தால்தான் கழுத்தில் போடும் மாலை காய்ச்சலை இழுக்கும்.

மாடியிலிருந்து அக்கா வேவியின் குரல் இருமலோடு சேர்ந்து இறங்கி வந்தது.

"புர்கி! ஒன்பதா, ஏழா?"

"ஒன்பதுதான்க்கா. பேசாமப் படு."

"ஏழைக் கோத்துட்டு ஏமாத்தலாம்னு பாக்காத. எனக்கு இன்னும் எண்ணத் தெரியும்."

வேவிக்கு எழுபத்திரண்டு வயது. ஞானஸ்நானப் பெயர் ஜெனோவேவா, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. நுரையீரலில் சளி கட்டி, அது இதயத்தையும் பிடித்துக்கொண்டு, நான்கு நாளைக்கு முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்ன தோரணையிலேயே இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. வரும் வழியில் காரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டு ஹெர்மினேயின் வாத்து கொழுத்துவிட்டதைப் பற்றித்தான் பேசினார்கள்.

இன்று காலை காய்ச்சல் ஏறியதும் வேவியே கேட்டாள், மாலை கட்டு என்று. ஊசி போட வந்த நர்ஸ் சிரித்தாள்.

"அம்மா, அந்த மாலையால ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"ஆகாதுன்னு எனக்கும் தெரியும்மா. உன் மாத்திரையாலயும்தான் ஒண்ணும் ஆகல. அதுக்காக நான் உன்னைக் கோவிச்சுக்கிட்டேனா?"

எங்கள் ஸ்டைரியா பக்கத்தில் இந்தக் கிழங்கு இல்லாத வீடு கிடையாது, இந்தக் கிழங்கு தீர்க்காத நோயும் கிடையாது, அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டுதான் பிழைத்துக்கொண்டிருக்கிறோம். மூக்கடைப்பா, துருவி முகர்ந்தால் போதும். இருமலா, கிழங்கைக் குடைந்து தேனை ஊற்றி வைத்தால் காலையில் மருந்து இறங்கியிருக்கும். தலைவலிக்குப் பிடரியிலும் இடுப்பு வலிக்கு இடுப்பிலும் மாவோடு சேர்த்துப் பற்றுப் போட வேண்டும். போட்டுவிட்டு 'அருள் நிறைந்த மரியே' பத்துத் தடவை சொல்லி முடித்ததும் எடுத்துவிட வேண்டும். தபால்காரர் லியோபோல்டு ஒருமுறை அந்த ஜெபத்தை பக்தியோடு நிறுத்தி நிதானமாகச் சொன்னதில் இடுப்பில் தோல் பொத்துப்போய் ஒரு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தார்.

காய்ச்சலுக்கு மட்டும் மாலை. ஒன்பது வில்லையைக் கம்பளி நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டால், அது காயக் காயக் காய்ச்சல் இறங்கும். காய்ந்து சுருண்டதும் ஓடைக்குக் கொண்டுபோய், தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, இடது தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். காய்ந்த மாலையை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்தால் காய்ச்சல் வைத்தவரைப் பிடித்துக்கொள்ளும், விடாது.

ஒன்பதாவதையும் அறுத்துவிட்டுப் புர்கி கையைக் கழுவினாள். இனி நூல் வேண்டும். கம்பளி நூலெல்லாம் வேவியின் தையல் பெட்டியில்தான் இருக்கும். பெட்டியை யாராவது தொட்டாலே வேவி கத்துவாள் என்பதால் அதன் அடித்தட்டை இத்தனை வருஷத்தில் புர்கி பார்த்ததில்லை. சாம்பல் நிற உருண்டை ஒன்று அடியில் சிக்கியிருந்தது. அதை இழுத்தபோது கூடவே ஒரு தகர டப்பா வந்தது. இருமல் மிட்டாய் டப்பா, அந்தக் காலத்துப் படம் போட்டது. உள்ளே ஏதோ கலகலவென்றது.

திறந்தாள். ஒரு கிரேன் மாலை. வில்லைகள் பழுத்துப் பழுப்பேறி, காது மடல் மாதிரி சுருண்டு கிடந்தன. எண்ணிப் பார்த்தாள், ஒன்பது. கோத்திருந்த நூல் சிவப்பு.

அந்தச் சிவப்பைப் புர்கிக்குத் தெரியும். அது அவளுடைய கையுறை.

அறுபத்தொன்பதாம் வருஷம் அவளுக்கு வயது பதிமூன்று, வேவிக்கு இருபத்திரண்டு. அந்தப் பிப்ரவரியில் அம்மா செத்துப்போனாள். அப்பா பக்கவாதத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். அக்டோபரில் கிழங்கு தோண்ட, மூர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான்கு ஸ்லோவேனிய ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவன் வின்கோ. நெட்டையன், பாதி வார்த்தை எங்கள் பாஷை, பாதி வார்த்தை அவன் பாஷை. இரண்டாவது வாரம் அவனுக்குக் காய்ச்சல் கொளுத்தியது. வீட்டில் கம்பளி நூல் தீர்ந்திருந்ததால் வேவி தங்கையின் சிவப்புக் கையுறையைப் பிரித்து மாலை கோத்தாள். புர்கி வீடு இரண்டுபடக் கத்தினாள். அவன் அடுப்படி பெஞ்சில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து ஏதோ சொன்னான், அதற்கு வேவி சிரித்தாள். அம்மா போனபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆட்கள் கிளம்பிப் போன அன்று சாப்பாட்டு மேசையில், யாரும் கேட்காமலே வேவி சொன்னாள்: "மாலைய ஓடையில போட்டாச்சு." எல்லோரும் தலையாட்டினார்கள். பின்னே, வேறு எங்கே போடுவார்கள்?

போடவில்லை. ஐம்பது வருஷமாக நூலுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள்.

புர்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாலையை வைத்துக்கொண்டதற்காக இல்லை. அந்த மாலையைப் பற்றி ஒருவன் அவளிடம் ஒருமுறை கேட்டிருந்தான், அவளும் பதில் சொல்லியிருந்தாள். சின்ன விஷயம் என்று ஐம்பது வருஷமாகத் தன்னையே சமாதானப்படுத்தி வைத்திருந்த விஷயம். ஒவ்வொரு வருஷமும் தோண்டும் பருவத்தில் ஆட்களுக்குச் சாப்பாடு போடும்போது வேவி ஒரு தட்டு கூடுதலாக வைப்பாள். "யாராச்சும் வந்தா?" என்பாள். ஆட்கள் நின்றுபோய் மெஷின் வந்தபிறகும், நிலத்தைப் பக்கத்து வீட்டு ஹெர்மினேயின் மகனுக்குக் குத்தகைக்கு விட்டபிறகும், அக்டோபர் மாதம் அந்தத் தட்டு மேசைக்கு வந்தது. இந்தப் பெட்டியைத் திறக்கும்வரை புர்கி அதை அக்காவின் கிறுக்கு என்றே நினைத்திருந்தாள்.

சொல்லியாக வேண்டும். சொன்னால் அக்கா தன்னை வெறுத்துக்கொண்டே சாகலாம். இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்குக் கேட்க ஆள் இருக்கமாட்டாள். புர்கி வில்லைகளையும் நூலையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஏறினாள்.

"நூல் எடுக்கப் போனியா, நூத்து எடுத்துட்டு வர்றியா?" என்றாள் வேவி. முகம் காய்ச்சலில் சிவந்து, பார்க்க வயது குறைந்த மாதிரி இருந்தது.

புர்கி கட்டிலோரம் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள். முதல் வில்லை, இரண்டாவது வில்லை.

"அக்கா, டப்பாவப் பாத்தேன்."

வேவி கூரையைப் பார்த்தாள். "மிட்டாய் டப்பாவா?"

"ஆமா."

"அதுல மிட்டாய் தீந்து ரொம்ப நாளாச்சு."

மூன்றாவது வில்லையில் ஊசி விரலில் குத்தியது. கிரேன் சாறு பட்டுச் சுரீர் என்றது.

"அவன் வந்தான்க்கா."

"யாரு?" என்று வேவி கேட்டாள். ஆனால் அவள் கை அதற்குள் போர்வையைப் பற்றிக்கொண்டுவிட்டது.

"வின்கோ. அடுத்த வருஷமே வந்தான். தோண்டுற சமயத்துல, ஒரு வியாழக்கிழமை. நீ ஃபெல்ட்பாக் சந்தைக்குப் போயிருந்த."

வெளியே வயலில் ஹெர்மினேயின் மகனுடைய மெஷின் கடைசி வரை போய்த் திரும்பும் சத்தம் கேட்டது.

"என்ன போட்டிருந்தான்?"

"சாம்பல் கலர் கோட்டு. கை கொஞ்சம் குட்டை. தலையத் தண்ணி தொட்டுப் படிய வாரியிருந்தான்."

"நடந்தா வந்தான்?"

"சைக்கிள்ல. முன்சக்கரத்துல காத்தே இல்ல. நம்ம பம்பைத்தான் எடுத்துக் குடுத்தேன்."

"சாப்பிட்டானா?"

"ஒரு குவளை ஆப்பிள் மது குடிச்சான். உள்ள வரல, நின்னுக்கிட்டே குடிச்சான்." புர்கி நான்காவது வில்லையை எடுத்தாள். "எனக்கு ஒரு ஜோடி கையுறை கொண்டுவந்திருந்தான்."

"சிவப்பா?"

"சிவப்பு."

வேவி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சை அடைத்தது. புர்கி அவளைத் தூக்கிச் சாய்த்து முதுகைத் தடவினாள். எலும்புதான் தட்டுப்பட்டது.

"அத நீ போட்டு நான் பாத்ததே இல்லையே," என்றாள் வேவி, மூச்சு வந்தபிறகு.

"அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன்."

வேவி தங்கையின் பக்கம் தலையைத் திருப்பினாள். "மாலையப் பத்திக் கேட்டானா?"

இதற்குத்தான் புர்கி பயந்திருந்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம். பொய் என்று சொல்ல இந்த உலகத்தில் யாரும் மிச்சமில்லை.

"கேட்டான். அத நீ என்ன பண்ணினேன்னு கேட்டான். ஓடையில போட்டாச்சேன்னு சொன்னேன். நீ போன அன்னிக்கே அக்கா போட்டுட்டா, எங்க வீட்டுல அதையெல்லாம் வெச்சுக்க மாட்டோம்னு சொன்னேன். அவன் தலைய ஆட்டிக்கிட்டான். அப்படின்னா நான் வந்தத உங்க அக்காகிட்ட சொல்லவேண்டாம்னுட்டு சைக்கிள்ல ஏறிப் போயிட்டான்."

வேவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் வெச்சிருன்னு சொல்லித்தான் கழட்டிக் குடுத்தான்," என்றாள். "உனக்கெப்படித் தெரியும்? நாந்தானே ஊருக்கே அப்படிச் சொன்னேன்."

"மாலை விஷயம் தெரியாதுதான். அவன் வந்தது தெரியும்ல? அத நான் சொல்லலையேக்கா."

"ஏன் சொல்லல?"

"நீ போயிடுவேன்னு பயம். அம்மா போய் வருஷம்கூட முழுசா ரெண்டு ஆகல. அப்பாவுக்கு வாய் பேச வராது. நீயும் போயிட்டா எனக்கு யாரு?"

அக்காவைப் போகவிடாமல் வைத்துக்கொண்டவள் இருபத்திரண்டாம் வயதில் தான் மட்டும் கல்யாணம் செய்துகொண்டாள், மாப்பிள்ளையையும் இதே வீட்டுக்குக் கூட்டிவந்தாள், மகன் பிறந்தபோது அவனைத் தூக்கி வளர்க்க அக்காவையே விட்டாள். அதெல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக அவள் நினைவுக்கு வந்தது.

"போயிருப்பேன்," என்றாள் வேவி. குரலில் கோபம் இல்லை, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள். "அன்னிக்கே போயிருப்பேன். சந்தைக் கூடையக்கூட இறக்கி வெச்சிருக்க மாட்டேன்."

புர்கி அழுதாள். மறைக்கவெல்லாம் முடியவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டே அழுதாள்.

"மூக்க உறிஞ்சாத. ஊசியப் பாரு. அஞ்சுதான் கோத்திருக்க."

மீதி நான்கையும் கோத்து முடித்துப் புர்கி மாலையை அக்காவின் கழுத்தில் போட்டாள். நெடி பட்டு வேவியின் கண் கசிந்தது. பழைய மாலையையும் கேட்டாள். அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"வந்திருக்கான் பாரு," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "வரவே இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். வந்திருக்கான்."

அதற்குப் பிறகு இரண்டு தடவை தண்ணீர் கேட்டாள். ஒருதடவை, "கோட்டு கை குட்டைன்னா சொன்ன?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் புர்கி. கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தபோது மூச்சு இருந்தது. அடித்து ஓய்ந்தபோது இல்லை. புர்கி ஜன்னலைத் திறந்துவைத்தாள். மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள், வயலில் ஒரு சத்தமும் இல்லை.

சவப்பெட்டியில் வைக்கிற அன்று, புர்கி சவ அடக்கக்காரர்களை இரண்டு நிமிஷம் வெளியே நிற்கச் சொன்னாள். வேவிக்குக் கழுத்து மூடிய கறுப்புச் சட்டை போட்டிருந்தது. மேல் பொத்தான்களைக் கழற்றிப் பழைய மாலையை உள்ளே வைத்து, பிடரிக்குப் பின்னால் முடிந்தாள். ஐம்பது வருஷத்து நூல், இழுத்தால் அறுந்துவிடுமோ என்று பயந்தாள். அறுபடவில்லை. பொத்தானைப் போட்டு மேலே அம்மாவின் ஊக்கைக் குத்திவிட்டாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

கட்டில் காலில் தொங்கிய புது மாலையை ஹெர்மினேதான் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஐயோ, இதக் கழுத்துல போட்டிருந்தப்பவா உயிர் போச்சு? காயவே இல்லையேடி. காயாத மாலை இன்னும் பொல்லாது. அடக்கம் முடிஞ்ச கையோட ஓடையில போட்டுடு."

"போட்டுடறேன்."

அடக்கத்துக்குப் பிறகு வழக்கம்போல் கோயிலுக்கு எதிரே உள்ள விடுதியில் சாப்பாடு. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே பந்திதான், அவித்த மாட்டிறைச்சியும் ரொட்டி போட்டுக் கரைத்த கிரேன் குழம்பும். புதுக் கிழங்கு என்பதால் குழம்பு ஏகக் காரம். கல்லறையில் அழாதவர்கள்கூடத் தட்டுக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாதிரியார் மூன்று முறை தும்மினார். லியோபோல்டு எழுந்து, தன் இடுப்புக்கு வேவி பற்றுப் போட்ட கதையைச் சொன்னார்.

"பத்து ஜெபம்னு சொல்லிட்டுப் போனா. நானும் பத்துதான் சொன்னேன். என்னவிட வேகமா ஜெபம் சொல்றவங்களுக்கான மருந்து அதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். புர்கியும் சிரித்தாள். கிராஸ் நகரத்திலிருந்து வந்திருந்த மகன் அவள் தட்டைப் பார்த்து, "சாப்பிடலையாம்மா?" என்றான். அவள் எதிர்வரிசையில் யாரும் உட்காராத ஒரு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதிக்காரர்கள் ஆள் கணக்குத் தெரியாமல் அங்கேயும் ஒரு தட்டு வைத்திருந்தார்கள்.

மகனைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு ஓடைக்கு நடந்தாள். பிற்பகல் வெயில் இன்னும் இருந்தது. மாலை கோட்டுப் பையில் இருந்தது. பாலத்துக்குப் பக்கத்தில், வழக்கமாக எல்லோரும் நிற்கிற இடத்தில், தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றாள். மாலையை வெளியே எடுத்து இடது தோளுக்கு மேலே தூக்கினாள். கிரேன் வாசனை இன்னும் போகவில்லை. அதில் அக்காவின் வாசனையும் இருந்தது, காய்ச்சலும் சோப்பும் கலந்த வாசனை.

விட்டுவிட வேண்டியதுதான், விரலைத் திறந்தால் போதும். தண்ணீர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. வேவியும் அன்றைக்கு இங்கே இப்படித்தான் நின்றிருப்பாள் என்று புர்கிக்குத் தோன்றியது. அக்கா வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. அறுபத்துமூன்று வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? கை வலிக்கும்வரை நின்றாள்.

வீட்டு வாசலில் ஹெர்மினே, பந்தியில் மிஞ்சிய கேக்கைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வந்து காத்திருந்தாள்.

"ஓடையில போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"திரும்பிப் பாக்கலையே?"

"பாக்கல."

ஹெர்மினே நிம்மதியாகத் தலையாட்டினாள். புர்கி ஒரு கையால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். மற்றக் கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. விரல்கள் வில்லைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தன. ஒன்பதும் இருந்தன. ஓரங்கள் இப்போதுதான் சுருள ஆரம்பித்திருந்தன.